ஏர்பேக் ஸ்டீயரிங்கைக் கழற்றும் முன்: அடிக்கடி பார்க்கும் தவறுகள்

சனிக்கிழமை மதியம் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் நின்றால், ரேஸிங் ஸ்டீயரிங்கைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகும் பையன்களைப் பார்க்கலாம். அவர்களில் சிலர் அடுத்த வாரம் அல்சூரில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வருவார்கள். ஹாரன் அடிக்காது, மீட்டரில் ஏர்பேக் லைட் அணையாது. வீடியோ பார்த்து நாமே மாட்டிவிடலாம் என்று இறங்கியவர்கள்தான் பெரும்பாலும்.

பேட்டரி ஒயரைக் கழற்றாமல் கை வைப்பது, நட்டை முழுக்க எடுத்துவிட்டு வீலை இழுத்து மூக்கில் வாங்கிக்கொள்வது போன்றவற்றை யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ரேஸிங் வீலில் ஏர்பேக் இல்லேன்னா என்ன, சீட் பெல்ட்தான் இருக்கே அண்ணா"

இருக்கிறது. ஆனால் அந்த பெல்ட் ஏர்பேக்கை நம்பித்தான் வேலை செய்கிறது. இப்போது வரும் பல கார்களில் முன் சீட் பெல்ட்டுக்குள் லோடு லிமிட்டர் உண்டு. மோதும்போது பெல்ட் முதலில் இறுக்கிப் பிடிக்கும். நெஞ்செலும்பு நொறுங்கிவிடக் கூடாது என்பதற்காக, குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் போனதும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உடம்பு முன்னால் போகிற அந்த இடைவெளியில் தலையைத் தாங்க ஏர்பேக் விரிந்திருக்கும் என்பது வடிவமைத்தவர் போட்ட கணக்கு. அந்த இடத்தில் அலுமினிய பாஸும் (ரேஸிங் வீலை ஸ்டீயரிங் தண்டோடு இணைக்கும் துண்டு) ஆறு போல்ட்டும் இருந்தால் முகம் அதில்தான் போய் மோதும்.

ரேலி காரில் ஏர்பேக் இல்லையே என்பார்கள். ரேலி காரில் ரோல் கேஜ் என்னும் இரும்புக் கூண்டு இருக்கிறது, பல முனைகளில் பூட்டும் ஹார்னஸ் இருக்கிறது, ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் காரில் இதில் ஒன்றும் இல்லை.

கிளாக் ஸ்பிரிங்கை நடுவில் வைக்காமல் மாட்டுவது

இத்தனை வருஷம் ஆகியும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தால் வந்தே இருக்காது.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வட்டமான ஒரு பிளாஸ்டிக் டப்பா உட்கார்ந்திருக்கும். அதுதான் கிளாக் ஸ்பிரிங். உள்ளே தட்டையான கேபிள் ரிப்பன் போலச் சுருண்டிருக்கும். ஏர்பேக்குக்கும், பெரும்பாலான கார்களில் ஹாரனுக்கும், ஆடியோ பட்டன்களுக்கும் கரண்ட் அது வழியாகத்தான் போகிறது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பினால் கேபிள் சுருளும், மறுபக்கம் திரும்பினால் விரியும். பல கார்களில் ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்று முன்பின்னாகப் போகும். டப்பாவுக்குள் இருக்கும் கேபிளுக்கு ஏறக்குறைய ஐந்து சுற்று இடம். நடுவில் வைத்து மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரு சுற்றளவு மிச்சம் இருக்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு ஸ்விஃப்ட் வந்தது. வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் தம்பி. வீலைக் கழற்றியதும் டப்பா கையோடு சுற்றியிருக்கிறது. "எவ்வளவு சுத்துதுன்னு பார்த்தேன் அண்ணா" என்றார். பார்த்துவிட்டு அது நின்ற இடத்திலேயே பாஸ் கிட்டை வைத்து மாட்டிவிட்டார். நேர் ரோட்டில் யாரும் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிப்பதில்லை. அதனால் நான்கு நாள் எல்லாம் நன்றாகவே ஓடியது. ஐந்தாம் நாள் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில், தூண் பக்கத்தில் காரை நுழைக்க முழுசாக ஒடித்திருக்கிறார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். ஹாரன் போயிற்று. டப்பாவைத் திறந்து பார்த்தபோது ரிப்பன் முனையில் சுத்தமாக அறுந்திருந்தது, செம்புக் கோடுகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதை ஒட்டவைக்க முடியாது, ஒட்டவைக்கவும் கூடாது. ஏர்பேக் கரண்ட் போகிற வழி அது. புதிய பாகத்துக்குப் பல ஆயிரம் போயிற்று. சில கார்களில் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரும் இதோடு சேர்ந்தே வரும். அப்போது ஸ்கேனர் போட்டு கேலிபரேட் செய்யும் கூலியும் சேரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கழற்றும் முன் முன்சக்கரம் இரண்டையும் நேராக வைத்து சாவியை எடுத்துவிடுங்கள். வீல் வெளியே வந்த உடனே, வேறு எதையும் தொடும் முன், டப்பா சுற்றாதபடி டேப் ஒட்டுங்கள். கை தவறிச் சுற்றிவிட்டதா? மெதுவாக ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே போய், லேசாகத் தடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து மறு கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் பாதி திரும்பி வாருங்கள். டப்பா மேல் இருக்கும் அம்புக்குறிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். வேறுபட்டால் உங்கள் காரின் மேனுவல் சொல்வதுதான் சரி. தடுக்கும் இடத்தில் பலம் காட்டினால் பட்டறையிலேயே அறுந்துவிடும்.

இன்னொன்று: டப்பாவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் பாஸ் கிட்டின் பள்ளத்தில் உட்கார வேண்டும். மலிவான கிட் பலவற்றில் அந்தப் பள்ளமே இருக்காது. அதை வாங்காதீர்கள்.

ஷாஃப்ட்டைச் சுத்தியால் தட்டுவது

தட்டாதீர்கள். மோதலில் மடங்குவதற்காகவே செய்த ஸ்டீயரிங் தண்டு அது. வீலை இழுத்துக் கழற்றும் புல்லர் என்ற கருவியை வாங்குங்கள்.

ரெசிஸ்டர் போட்டு லைட்டை அணைப்பது

சில ரூபாய் ரெசிஸ்டரை ஏர்பேக் கனெக்டரில் சொருகினால், ஏர்பேக் இருக்கிறது என்று ஈ.சி.யூ. (ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கணினி) நம்பிவிடும். மீட்டரில் லைட் அணையும். இதை எங்கள் பட்டறையில் செய்ய மாட்டோம், செய்யச் சொல்லி வருபவரோடு பேச்சே கிடையாது.

காரணம் இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வரும் மகளுக்காக ஒருவர் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். ஹாரன் சரியாக அடிக்கவில்லை என்று கொண்டுவந்தார். நடுமூடியைத் திறந்தால் உள்ளே பை இல்லை. கருப்பு டேப் சுற்றிய ரெசிஸ்டர் ஒன்று இருந்தது. சாவி போட்டதும் லைட் எரிந்து சில நொடியில் அணையும் சோதனையில் அந்த கார் ஒழுங்காகத் தேறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதை நம்பித்தான் ஓசூர் ரோட்டில் ஓட்டியிருக்கிறார்.

துளை பொருந்தவில்லை என்று அரம் போடுவது

மோமோ, ஸ்பார்கோ வீல்களுக்குப் பெரும்பாலும் 70 மி.மீ. வட்டத்தில் ஆறு துளை. நார்டிக்கு 74. அதற்கேற்ற பாஸ் வாங்குங்கள்.

கழற்றிய ஏர்பேக்கைப் பரணில் போடுவது

வெளியே எடுத்தாலும் அதற்குள் வெடிக்கும் மருந்து அப்படியேதான் இருக்கிறது. தூக்கும்போது மூடிப்பக்கம் உடம்பைப் பார்க்காமல் பிடியுங்கள், மேஜையில் மூடிப்பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். கவிழ்த்து வைத்து வெடித்தால் மொத்தமும் கூரைக்குப் பறக்கும். கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து 'உயிர் இருக்கா' என்று பார்ப்பதும் வேண்டாம், மீட்டர் அனுப்பும் சிறு கரண்டே அதை வெடிக்கவைக்கலாம்.

சட்டம்

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்ற இடம் தருவதில்லை. 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது?

ரோட்டில் ஓடும் காரில் ஏர்பேக் வீலை எடுக்காதீர்கள். பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டுமென்றால் அதே மாடலின் டாப் வேரியன்ட் வீலை ஏர்பேக்கோடு, பார்ட் நம்பர் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கம்பெனி பார்ட்ஸ் கவுன்டரில் புதிதாக வாங்குங்கள். விபத்துக் காரிலிருந்து வரும் செட்களில் வெடித்த பைக்கு மேல் புது மூடி போட்டு விற்பதும் உண்டு. பிடிமானம்தான் குறை என்றால் வளையத்துக்கு மட்டும் தோல் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். தைப்பவரிடம் நடுமூடியில் ஊசி படக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த மூடியில் கல் பதித்த ஸ்டிக்கர், உலோக எழுத்து எதுவும் ஒட்டாதீர்கள், பை விரியும்போது அவை நேராக முகத்துக்கு வரும்.