நாய்க்குட்டிக்கு வெறும் கறிச்சோறு போதாது

குட்டிக்குத் தினமும் எலும்பில்லாத கோழிக்கறியும் சோறும் மட்டுமா போடுகிறீர்கள்? கறியில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் 15, 20 பங்கு இருக்கும். இப்படிக் கால்சியம் குறைந்து பாஸ்பரஸ் மிகுந்த சாப்பாட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கினால், கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனைக் கூட்டி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் சேர்க்கும். அதனால் ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் கால்சியம் சரியாகவே தெரியும். எலும்போ மெலிந்துகொண்டே போகும். பாவம், குட்டி நொண்டும், தூக்கினால் கத்தும், சோபாவிலிருந்து குதித்தாலே கால் முறியலாம்.

குட்டிகளுக்கென்றே வரும் முழுச் சத்துணவுக்கு மாற்றுங்கள். அப்புறம் தனியாகக் கால்சியம் டானிக் வேண்டாம். கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு அது மிகையானால் எலும்பு கோணலாகிவிடும். ஏற்கெனவே நொண்டுகிறதா? ஓடவிடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.