மஞ்சள் கடுதாசி கொடுத்தால் விவசாயக் கடன் தீர்ந்துவிடுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குக் கடன் நெருக்கடியோடு வரும் விவசாயிகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் எல்லாக் கடனும் போய்விடும் அல்லவா?" ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போட்டவரும் கேட்கிறார், ஏற்காட்டில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவரும் கேட்கிறார். மஞ்சள் கடுதாசி என்பது, கடனைக் கட்ட வழியில்லை என்று நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனு. நொடிப்புச் சட்டத்தில் விவசாயக் கடன் என்பதற்காக மட்டும் ஒரு கடன் தீராமல் போவதுமில்லை, அதற்காக மட்டும் தீர்ந்துபோவதுமில்லை. அந்தக் கடனுக்கு எது பிணையாக நிற்கிறது, யார் ஜாமீன் போட்டிருக்கிறார்கள், கடன்பட்டவர் எப்படி நடந்துகொண்டார் என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. இது தெரியாமல் மனுப் போட்டவர்கள் நிலத்தையும் உறவையும் சேர்த்து இழந்ததைப் பார்த்திருப்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், தவறான சட்டத்தைப் படித்துவிட்டு வருவதைத் தவிர்க்க வேண்டும். 2016-இல் வந்த திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி ஒன்று உண்டு. சிறு கடனாளிகளுக்குப் புதிய தொடக்கம் அளிக்கும் பிரிவும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி, நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சேலத்து விவசாயிக்குப் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். அதேபோல், அமெரிக்காவில் குடும்ப விவசாயிகளுக்கென்றே 1986-இல் கொண்டுவரப்பட்ட 12-ஆம் அத்தியாயத்தைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டு, நிலத்தை வைத்துக்கொண்டே தவணையை மாற்றி எழுதித் தருவார்கள் என்று நம்பி வருபவர்களும் இருக்கிறார்கள். நம் 1920 சட்டத்தில் அப்படி விவசாயிக்கென ஒரு தனி வழி இல்லை.

அடுத்த தவறு, மனுத் தாக்கலையே விடுதலை என்று எண்ணிக்கொள்வது. மஞ்சள் கடுதாசி என்று நாம் சொல்வது வெறும் தொடக்கம். மாவட்ட நீதிமன்றத்திலோ, அதிகாரம் அளிக்கப்பட்ட சார்பு நீதிமன்றத்திலோ மனு ஏற்கப்பட்டு, விசாரணை நடந்து, நொடித்தவர் என்று அறிவிக்கும் ஆணை வர வேண்டும். அந்த ஆணை வந்ததும் கடனாளியின் சொத்து நீதிமன்றத்தின் கைக்கோ, சொத்தைப் பொறுப்பேற்க அது நியமிக்கும் ரிசீவரின் கைக்கோ போய்விடும். அதன்பின் குறித்த காலத்துக்குள் விடுவிப்புக் கோரி மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். கடனிலிருந்து உண்மையில் விடுவிப்பது இந்தக் கடைசி ஆணைதான். பலரும் இரண்டாவது கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். குறித்த காலத்துக்குள் விடுவிப்புக்கு விண்ணப்பிக்காவிட்டால் நொடிப்பு அறிவிப்பே ரத்தாகிவிடும். கடன்காரர்கள் பழையபடி வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

பிணையை மறந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மரவள்ளி பயிரிடும் ஒருவருக்கு நிலத்தை அடமானம் வைத்து வங்கியில் வாங்கியது 5 லட்சம், நகையை வைத்து வாங்கியது 1 லட்சம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நபர் ஜாமீனில் வாங்கியது 1 லட்சம், புரோநோட்டு எழுதிக் கொடுத்துத் தனியாரிடம் வாங்கியது 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவர் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டாலும், பிணை பெற்ற கடன்காரர் அந்தப் பிணையை விற்றுத் தன் பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தொடவில்லை. ஆகவே அடமான நிலத்தின்மீது வங்கியும், நகையின்மீது நகைக்கடன் கொடுத்த இடமும் நடவடிக்கையைத் தொடரலாம். நிலம் 4 லட்சத்துக்கு விலைபோனால், பாக்கி நிற்கும் 1 லட்சம் புரோநோட்டுக் கடனைப் போலப் பிணையற்ற கடனாகி, விடுவிப்பு ஆணையின் கீழ் வரும். நொடிப்பு மனு அவருக்குத் தரக்கூடியது இந்தப் பாக்கியிலிருந்தும் பிணையற்ற கடன்களிலிருந்தும் விடுதலை. அடமானம் வைத்த வயலை அது மீட்டுத் தராது.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம் இருக்கிறது. விவசாய நிலத்தை வங்கியால் தொடவே முடியாது என்று பலர் சொல்கிறார்கள். 2002-இல் வந்த சர்பாசி சட்டம், வழக்கே தொடராமல் பிணைச் சொத்தை எடுத்து விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்தது. அந்தச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று அதன் 31-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் குறுக்குவழி அடைபட்டிருக்கிறதே தவிர, வழக்குத் தொடர்ந்து தீர்ப்பாணை பெற்று ஏலம் விடும் நேர்வழி திறந்தே இருக்கிறது. மேலும், வருவாய்ப் பதிவேட்டில் புஞ்சை என்று எழுதியிருப்பது மட்டும் போதாது, நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. காப்பித் தோட்டத்தின் ஒரு பகுதியில் தங்கும் விடுதி கட்டி, ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர்கள் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது.

ஜாமீன் போட்டவரைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். கடனாளி விடுவிக்கப்பட்டாலும் அவரோடு கூட்டாகக் கையெழுத்திட்டவரும் ஜாமீன்தாரரும் விடுபடுவதில்லை என்று 1920 நொடிப்புச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சங்கத்துக் கடனில் மாமனுக்கு மச்சானும், பக்கத்துக் காட்டுக்காரருக்கு நாமும் கையெழுத்துப் போடுவது நம் ஊர் வழக்கம். ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்த மறுமாதம் முழுத் தொகையும் மற்றவர் தலையில் விழுகிறது. வாழப்பாடிப் பக்கத்தில் இப்படி அண்ணன் விடுபட்டு, அவருக்கு ஜாமீன் போட்ட தம்பியின் மாடுகள் விற்கப்பட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருக்கும் அவர்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. மனுப் போடுவதற்கு முன்பே ஜாமீன்தாரரை அழைத்துச் சென்று, அந்த ஒரு கடனையாவது தனியாகத் தவணை கட்டித் தீர்க்க முடியுமா என்று சங்கத்தில் பேசிப் பார்க்க வேண்டும். ஆனால் மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களில் ஒரு கடன்காரருக்கு மட்டும் முன்னுரிமை கொடுக்கும் நோக்கத்தோடு பணம் கட்டினால், அதை ரிசீவர் கேள்விக்கு உட்படுத்த முடியும் என்பதால், இதை வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

கடன் முற்றிய பிறகு, நிலத்தை மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ செட்டில்மென்ட் எழுதி வைத்துவிட்டு மனுப் போடுவது இன்னொரு பழக்கம். நல்லெண்ணத்தோடும் தக்க விலைக்கும் செய்யப்படாத கைமாற்றம், எழுதிய இரண்டு ஆண்டுகளுக்குள் போட்ட மனுவில் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால் ரத்தாகும். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கம் தெரிந்தால், அதே பத்திரம் விடுவிப்பை மறுக்கவும் காரணமாகும். சொத்தை மறைப்பது குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு வில்லங்கச் சான்று எடுத்தாலே எல்லாம் வெளியே வந்துவிடும் இந்தக் காலத்தில், யாரோ சொன்னதைக் கேட்டு இப்படி எழுதி வைப்பவர்கள் இருந்த பாதுகாப்பையும் இழக்கிறார்கள்.

மனுவில் எல்லாக் கடன்காரர்களின் பெயரும் முகவரியும், எல்லாச் சொத்துகளின் விவரமும் இருக்க வேண்டும். கைமாற்றாக வாங்கியது, உரக்கடைப் பாக்கி, மரவள்ளிக்கு முன்பணம் கொடுத்த வியாபாரி என எதையும் விடக்கூடாது. அரசுக்கு நேரடியாகச் செலுத்த வேண்டிய கடனும், மோசடி செய்து பெற்ற கடனும், ஜீவனாம்சப் பொறுப்பும் விடுவிப்பு ஆணையால் தீர்வதில்லை. விளையாத பயிரை விளைந்ததாகக் காட்டியோ, அடுத்தவர் சிட்டாவைக் கொடுத்தோ வாங்கிய கடனை மோசடியாகப் பெற்றதென்று கடன்காரர் நிரூபித்துவிட்டால், அந்தக் கடன் கடைசிவரை தொடரும்.

விடுவிப்பு விசாரணைக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. கடனாளியின் சொத்து, பிணையற்ற கடன்களில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்குக்கூட, அதாவது பாதிக்குக்கூட வரவில்லை என்றால், முழு விடுவிப்பை நீதிமன்றம் மறுக்க வேண்டும் என்று அதே 1920 சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தக் குறைவுக்குக் கடனாளியைப் பொறுப்பாக்க முடியாத சூழ்நிலை காரணமாக இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. விவசாயிக்கு இந்தச் சட்டத்தில் இருக்கும் மிகப் பெரிய வாசல் இதுதான். மழை பொய்த்ததும், மாவுப்பூச்சி மரவள்ளியைத் தின்றதும், வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அராபிகா செடிகளைக் காய வைத்ததும் அவர் குற்றமல்ல. ஆனால் அதை வாயால் சொன்னால் போதாது. அந்தந்தப் பருவத்து அடங்கல், பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம், வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலர் வந்து பார்த்த குறிப்பு, விற்பனைச் சீட்டுகள், உரக்கடை ரசீதுகள் ஆகியவை வேண்டும். இழப்புக்குச் சரியான கணக்குக் காட்டத் தவறுவதே விடுவிப்பை மறுக்க ஒரு காரணம் என்பதால், பயிர் கெட்ட வாரத்திலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்வது நல்லது.

தள்ளுபடியையும் விடுவிப்பையும் குழப்பிக்கொள்வது நம் மாவட்டத்தில் இயல்பாகிவிட்டது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து நகராட்சித் தலைவரும் ஆன ராஜாஜி, சென்னை மாகாண அரசை நடத்தியபோது 1938-இல் விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்றுபோன வட்டியை அது தள்ளியது. 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். வணிக வங்கிக் கடன் அதில் சேரவில்லை. இவை அரசின் முடிவுகள். அடுத்த தேர்தலில் வரும் என்று வட்டியை ஏற விடுபவர், இரண்டு வழியையும் இழக்கும் நிலைக்கு வருகிறார்.

பயத்தால் செய்யும் தவறுகளும் உண்டு. சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மிரட்டப்பட்டு, உழவு மாட்டையும் விதையையும் விற்றுப் புரோநோட்டுக்காரருக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பணமில்லாத காரணத்துக்காக மட்டும், கெட்ட எண்ணம் இல்லாத கடனாளியைச் சிறையில் அடைக்கக்கூடாது என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உழவுக் கருவிகள், பிழைப்புக்கு வேண்டிய மாடுகள், விதைத் தானியம், விவசாயி தானே குடியிருக்கும், அடமானம் வைக்காத வீடு ஆகியவற்றை ஜப்தியிலிருந்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காக்கிறது. அவை நொடிப்பிலும் ரிசீவர் கைக்குப் போவதில்லை. கடன் கொடுத்தவர் கந்துவட்டி வாங்குபவராக இருந்தால், 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி புகார் செய்யவும் வழி இருக்கிறது.

நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டு இன்னும் விடுவிக்கப்படாத நிலையில், தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவதே குற்றம். இடையில் தாய்வழியில் ஒரு சொத்து வந்தாலும் அது ரிசீவரிடம் போகும். நொடிப்பு அறிவிப்பால் தகுதியிழப்பு வரும் என்பதால், ஊராட்சித் தேர்தலில் நிற்க நினைப்பவரும் முன்பே யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பலருக்கு மனுவே தேவைப்படுவதில்லை. பேரிடரில் பயிர் போனால் குறுகிய காலக் கடனைத் தவணைக் கடனாக மாற்றித் தர வங்கியிடம் எழுத்தில் கேட்கலாம். கடன் வாராக்கடனாவதற்கு முன் கேட்பது முக்கியம். மக்கள் நீதிமன்றத்தில் ஒரே தவணையில் தீர்த்துக்கொள்ளும் உடன்பாட்டுக்கு வந்தால், அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அப்படி எழுதும்போது ஜாமீன்தாரரின் பெயரையும் நகை, பத்திரம் திரும்பக் கிடைக்கும் நாளையும் அதிலேயே எழுதச் சொல்ல வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் உள்ளிட்ட பழங்குடியினருக்கும், வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கும் கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார். போகும்போது எல்லாக் கடன் பாஸ்புத்தகங்களையும், வந்த நோட்டீஸ்களை உறையோடும், சிட்டா, அடங்கல் நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஜாமீன் போட்டவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.