எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடாதீர்கள்: ரத்ததானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலக ரத்ததான தினமான ஜூன் 14, தேசியத் தன்னார்வ ரத்ததான தினமான அக்டோபர் 1 தேதிகளை ஒட்டிக் கல்லூரிகளில் ரத்ததான முகாம்கள் களைகட்டும். வரிசையில் நிற்பவர்களில் நிறையப் பேர் முதல்முறை வருகிறவர்கள். வயது 18 நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கோளாறு வருவது வேறு இடங்களில்.

படிவத்தில் மேலிருந்து கீழே 'இல்லை' போடுவது

எத்தனை முகாம் நடத்தினாலும் எரிச்சல் அடங்காத தவறு இது. படிவத்தைக் கையில் கொடுத்தால் அரை நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். மஞ்சள் காமாலை? இல்லை. டைபாய்டு? இல்லை. நாய்க்கடி? இல்லை. பக்கத்து நாற்காலி நண்பனைப் பார்த்து எழுதுகிறவர்களும் உண்டு. கேட்டால், "எப்படியும் டெஸ்ட் பண்ணத்தானே போறீங்க?"

பண்ணுவோம்தான். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதனை கட்டாயம். டைபாய்டும் டெங்குவும் நாய்க்கடியும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு உங்கள் வாய்மொழி ஒன்றுதான் சோதனை.

அந்த ஐந்திலும் இடைவெளி உண்டு. கிருமி உள்ளே போன மறுநாளே ரத்தத்தில் தெரிந்துவிடாது. வழக்கமான எலிசா (ELISA) சோதனையில் எச்ஐவி தென்பட ஏறத்தாழ 3 வாரம் பிடிக்கும். கிருமியின் மரபணுவையே தேடும் நாட் (NAT) சோதனையில் இது சுமார் 10 நாளாகக் குறையும். ஆனால் அந்த வசதி எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது. ஹெபடைடிஸ் பி-க்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் எடுத்த பை 'நெகட்டிவ்' என்று சான்று வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போய்விடும். ஒரே பையைச் சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா என்று பிரித்து மூன்று நோயாளிகளுக்கு ஏற்றுகிறோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அதனால்தான் 'சந்தேகமா இருக்கு, ரத்தம் கொடுத்தா இலவசமா தெரிஞ்சுடும்' என்று வருகிறவரை நினைத்தால் பயமாக இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி சோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். போக வேண்டிய இடம் அது.

வேண்டுமென்றே மறைப்பவர்கள் குறைவு. கேள்வி தன்னைக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வதே வழக்கம். 'உடலில் துளையிட்டதுண்டா?' என்று கேட்டால், பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்தியவரும் இல்லை என்பார். அவரைப் பொறுத்தவரை அது நேர்த்திக்கடன். ஊசிக்கு அந்த வேறுபாடு தெரியாது. காது குத்தினாலும் பச்சை குத்தினாலும் இதே கணக்குதான், 12 மாதம் காத்திருக்க வேண்டும்.

மஞ்சள் காமாலையில் சிக்கல் இன்னும் கூடுதல். சின்ன வயதில் வந்தது, கீழாநெல்லி கொடுத்தார்கள், சரியாகிவிட்டது என்பார்கள். ஏ அல்லது இ வகை என்று சோதனையில் உறுதியாகியிருந்தால் 12 மாதம் கழித்துக் கொடுக்கலாம். பி, சி என்றால் எப்போதுமே கூடாது. எந்த வகைக் கிருமி என்றே தெரியாத ஹெபடைடிஸுக்கும் நிரந்தரத் தடைதான். பழைய ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள்.

மற்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டிய காலம்: நாய்க்கடி ஊசி போட்டிருந்தால் 1 வருடம், டைபாய்டு குணமாகி 12 மாதம், டெங்கு, சிக்குன்குனியா 6 மாதம், மலேரியா 3 மாதம், பல் பிடுங்கினால் 6 மாதம், ஆன்டிபயாடிக் என்றால் கடைசி மாத்திரை முடிந்து 2 வாரம். மெடிக்கல் ஷாப்பில் பெயர் கேட்காமல் வாங்கிப் போட்ட 'காய்ச்சல் மாத்திரை'யில் ஆன்டிபயாடிக்கும் இருந்திருக்கலாம். அட்டை இருந்தால் காட்டுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், கொடுக்கக் கூடியவர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுபவர், கடைசி 4 வாரத்தில் மருந்தும் அதன் அளவும் மாறாமல், சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் கொடுக்கலாம். இன்சுலின் போடுபவர்தான் கூடாது.

நண்பர்கள் சூழ்ந்து நிற்கும்போதோ, 'மாமாவுக்கு ஆபரேஷன், நீ கொடுத்தே ஆகணும்' என்று வீட்டில் அழைத்து வந்திருக்கும்போதோ உண்மை சொல்வது சங்கடம்தான். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். ஊசி குத்தும் முன் எந்த நிமிடமும் 'இன்னைக்கு வேண்டாம்' என்று சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனபின் ஏதாவது நினைவு வந்தாலும், 2 வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலும், உடனே ரத்த வங்கிக்குப் போன் செய்யுங்கள். பை இன்னும் ஃப்ரிட்ஜில் இருந்தால் நிறுத்திவிடலாம்.

போன் நம்பரை ஏனோதானோவென்று எழுதுவது

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது வெளியே தெரிந்தது. கொடுத்தவருக்குத் தனக்குத் தொற்று இருப்பதே தெரியாது. முன்பு ஒரு முகாமில் கொடுத்தபோதே சோதனையில் தெரிந்திருக்கிறது. அந்த முடிவு அவரைப் போய்ச் சேரவில்லை. அங்கே தவறியது ரத்தம் எடுத்தவர்களும் சோதித்தவர்களும். இருந்தாலும் ஹாஸ்டல் முகவரியும் மூன்று மாதத்தில் மாற்றப்போகும் நம்பரும் எழுதிவிட்டுப் போனால், தேடினாலும் உங்களைப் பிடிக்க முடியாது.

'லேப்ல நார்மல்னு சொன்னாங்களே!'

பெண்களுக்கு லேப் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 12 இருந்தாலே நார்மல். ரத்தம் கொடுக்க 12.5 கிராம் வேண்டும், ஆணோ பெண்ணோ. அதைப் பார்க்க, விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் விழும். 15 நொடிக்குள் மூழ்கினால் சரி. நடுவில் தயங்கினாலோ மேலே மிதந்தாலோ இன்று கிடையாது. 350 மி.லி. ரத்தத்தோடு சுமார் 150 மி.கி. இரும்புச்சத்தும் போகிறது. முந்தைய நாள் பீட்ரூட் ஜூஸ் குடித்து அதை ஈடுகட்ட முடியாது. சாப்பாட்டோடு டீ, காபி குடிப்பதை நிறுத்தி, டாக்டர் சொல்லும் இரும்பு மாத்திரையைச் சில மாதம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எடையைக் கூட்டிச் சொல்வது

350 மி.லி. பையில் ரத்தம் உறையாமலிருக்க 49 மி.லி. திரவம் முன்கூட்டியே இருக்கும், 450 மி.லி. பையில் 63. அந்தப் பெரிய பை 55 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு. 42 கிலோவை 46 என்று சொல்லிப் படுத்தவர் பாதியில் மயங்கினால் எடுப்பதை நிறுத்த வேண்டியிருக்கும். திரவ விகிதம் கெட்ட அந்தப் பை குப்பைக்குத்தான்.

வெறும் வயிறு

இது ஃபாஸ்டிங் சுகர் டெஸ்ட் இல்லை. டிபன் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வருவது

தூங்கிவிட்டு வாருங்கள்.

நாள் கணக்கு

ஒருமுறை கொடுத்தபின் மறுமுறை கொடுக்க ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆக வேண்டும். வேறு ரத்த வங்கியில் கொடுத்ததும் கணக்கில் சேரும். தட்டணுவை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மீதியை உடலுக்கே திருப்பி ஏற்றும் மெஷின் உண்டு; முழு ரத்தம் கொடுத்தபின் அதன் வழியாகத் தட்டணு மட்டும் கொடுக்க 28 நாள் போதும். தட்டணு கொடுத்தபின் முழு ரத்தம் கொடுப்பதற்கும் அதே 28 நாள்தான், ஆனால் மெஷின் சிவப்பணுக்களை முழுதாகத் திருப்பி ஏற்றியிருக்க வேண்டும். நடுவில் நின்றுபோயிருந்தால் 90 நாள். அதனால் இறங்கும்போது சிவப்பணு முழுதாகத் திரும்பியதா என்று ஆபரேட்டரிடம் கேட்டுத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.