புரொஜெக்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கு, டிரெக்டரி மட்டும் நிண்டுபோச்செண்டு காட்டினா என்ன செய்யலாம்

நேற்றுத்தான் கொமிட் (கோட்டில செய்த மாற்றத்தின்ர பதிவு) போட்டிருப்பீங்கள், ஆனா திறந்த மூலப் புரொஜெக்டுகளைப் பட்டியல் போடுற டிரெக்டரியான ஓப்பன் ஹப்பில உங்கட புரொஜெக்டைத் திறந்தா கடைசிக் கொமிட் ரெண்டு வருஷத்துக்கு முன்னால எண்டு கிடக்கும், பக்கத்தில இயக்கம் இல்லையெண்டு ஒரு குறியும் இருக்கும். அவங்கட சைட் அப்பிடித்தான் எண்டு விட்டிடாதேங்கோ. கூகிள் சமர் ஒஃப் கோட்டுக்கு (திறந்த மூலப் புரொஜெக்டில வேலை செய்ய கூகிள் உதவித்தொகை குடுக்கிற திட்டம்) எந்தப் புரொஜெக்டோட சேரலாம் எண்டு தேடுற மொறட்டுவ கம்பஸ் பிள்ளையள், தங்கட சிஸ்டத்துக்கு ஒரு லைப்ரரி எடுக்கப்போற கம்பனிக்காரர், உதவிப்பணம் குடுக்க யோசிக்கிற ஆக்கள், இப்பிடி எல்லாரும் முதல்ல பாக்கிறது அந்தத் திகதியைத்தான். திகதி பழசெண்டா அவ்வளவுதான், உள்ளுக்கு வந்து கோட் பாக்க மாட்டினம். நாலைஞ்சு பேர் வேலை முடிஞ்சு வந்து ராவில இருந்து எழுதுற தமிழ் புரொஜெக்டுகளுக்கு இது பெரிய அநியாயம், அதால இதைச் சரியாக்கிற வழியைக் கொஞ்சம் விரிவாவே எழுதுறன்.

முதல்ல விளங்கிக்கொள்ளவேண்டிய விஷயம், டிரெக்டரி உங்கட ரிப்போவை, எண்டா கோட்டும் அதின்ர வரலாறும் இருக்கிற இடத்தை, நேரடியாப் பாக்கிறேல்ல. அது உங்கட ரிப்போவின்ர ஒரு கொப்பியைத் தன்ர சேர்வருக்கு இழுத்து வச்சு, கொமிட்டுகளை வாசிச்சு, வரிகளை எண்ணி, கடைசியா எல்லாத்தையும் சேர்த்து ஒரு அறிக்கை போடும். இந்தச் சங்கிலியில எந்த இடத்தில அறுந்தாலும் வெளியில தெரியிறது ஒரே மாதிரித்தான், பழைய டேட்டா. எங்க அறுந்ததெண்டு கண்டுபிடிச்சாத்தான் மருந்து போடலாம்.

கண்டுபிடிக்கிறது கஷ்டமே இல்லை. ஓப்பன் ஹப் புரொஜெக்ட் பக்கத்தில சின்ன எழுத்தில ஒரு வரி இருக்கும், அறிக்கை எப்ப போட்டது, அதுக்கான கோட் எப்ப எடுத்தது எண்டு ரெண்டு காலம் சொல்லும். கனபேர் கண்ணே வைக்காத வரி அது. அதோட கடைசிக் கொமிட் திகதியையும் சேர்த்து மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்கோ. கோட் எடுத்த காலமே பழசெண்டா, அவங்கட சேர்வரால உங்கட ரிப்போவுக்கு வரமுடியேல்ல, அல்லது இன்னும் வரிசையில நிக்குது. கோட் இந்தக் கிழமை எடுத்திருக்கு, ஆனா கடைசிக் கொமிட் மட்டும் பழசெண்டா, அவங்கள் வந்து எடுத்தது சரி, பிழையான இடத்தில எடுத்திட்டாங்கள். கோட் எடுத்தது புதுசு, அறிக்கை மட்டும் பழசெண்டா ஒண்டும் செய்யாதேங்கோ, கொஞ்சநாள் விட்டுப் பாருங்கோ, இடையில போய் அதை இதை மாத்தினா வேலை திரும்ப முதல்ல இருந்து தொடங்கவேண்டி வரலாம்.

ரெண்டாவது நிலைமைதான் ஆக்களைக் குழப்புறது, ஏனெண்டா எந்த எரரும் வராது. அனேகமா இது பிராஞ்ச் பிரச்சினை, பிராஞ்ச் எண்டா ஒரே ரிப்போவுக்குள்ள கோட் தனித்தனியா வளர்ற கிளை. 2020 ஒக்டோபர் 1 இல இருந்து கோட் வச்சிருக்கிற தளமான கிட்ஹப்பில புது ரிப்போ திறந்தா முதன்மைப் பிராஞ்சின்ர பேர் மாஸ்டர் இல்லை, மெயின். அதைப் பாத்து பழைய புரொஜெக்டுகளும் மாத்தத் தொடங்கினவை. மாத்தேக்க சிலபேர் மெயின் எண்டு புதுசா ஒண்டைத் தள்ளிப்போட்டு மாஸ்டரை அப்பிடியே விட்டிட்டினம். டிரெக்டரியில பதிஞ்சு வச்சது மாஸ்டர், அது இப்பவும் இருக்கு, டிரெக்டரி ஒவ்வொருமுறையும் ஒழுங்கா வந்து உறைஞ்சுபோன அந்தப் பிராஞ்சைப் பாத்திட்டுப் போகுது. மாஸ்டரைப் பேர் மாத்தினவைக்கு வேற பிரச்சினை, கிட்ஹப் பிரவுசரில பழைய பிராஞ்ச் லிங்கைப் புதுசுக்கு மாத்திவிடும், ஆனா கிட் (கோட்டின்ர மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கருவி) வழியா பழைய பேரைக் கேட்டா அப்பிடி ஒரு பிராஞ்ச் இல்லையெண்டுதான் பதில் வரும். நீங்கள் பிரவுசரில பாத்து எல்லாம் சரியெண்டு நினைப்பீங்கள், அங்கால சேர்வர் வெறுங்கையோட திரும்பிப் போயிருக்கும்.

அதால பிரவுசரை நம்பாமல் டேர்மினலைத் திறவுங்கோ. கிட் எல்எஸ்-ரிமோட் எண்டு அடிச்சு, ரெண்டு ஹைபன் போட்டு சிம்ரெஃப் எண்டு எழுதி, பிறகு டிரெக்டரியில பதிஞ்சிருக்கிற முகவரியை, உங்கட மனசில இருக்கிறதை இல்லை, அங்க இருக்கிறதை எழுத்துக்கு எழுத்து கொப்பி பண்ணிப் போட்டு, கடைசியா ஹெட் எண்டு பெரிய எழுத்தில போடுங்கோ. முதல் வரியில இப்ப எந்தப் பிராஞ்ச் முதன்மையானது எண்டு வரும். அடுத்த வரியில நீளமா ஒரு இலக்கம், அதுதான் அந்தப் பிராஞ்சின்ர கடைசிக் கொமிட். உங்கட கொம்பியூட்டரில இருக்கிற கடைசிக் கொமிட்டின்ர இலக்கத்தோட ஒப்பிட்டுப் பாருங்கோ, முதல் ஏழு எழுத்துப் பாத்தாலே காணும். ரெண்டும் ஒண்டெண்டா முகவரி சரி, பிராஞ்ச் பேரை மட்டும் பாருங்கோ. வேற வேற எண்டா அந்த முகவரியில இருக்கிறது அனேகமா ஒரு பழைய மிரர், எண்டா வேற இடத்து ரிப்போவின்ர கொப்பி. கிட்லாப்பில வேலை செய்துகொண்டு கிட்ஹப்பில கொப்பி வச்சிருக்கிற புரொஜெக்டுகளில, மிரருக்குக் குடுத்த டோக்கன் (பாஸ்வேர்ட் மாதிரி ஒரு அனுமதிச் சாவி) காலாவதியாகி ஆருக்கும் தெரியாமலே அது நிண்டுபோறது அடிக்கடி நடக்கிற விஷயம்.

இன்னொண்டு, உங்கட மெஷினில பாஸ்வேர்ட் சேவ் ஆகி இருக்கும், அதால பிரைவேட் ரிப்போ கூட உங்களுக்குத் திறக்கும். டிரெக்டரிக்கு உங்கட பாஸ்வேர்ட் இல்லைத்தானே. லொகின் பண்ணாத இன்கொக்னிட்டோ விண்டோவில ஒருக்காத் திறந்து பாருங்கோ, ஏலுமெண்டா கட்டளையை வேற ஆற்றையாவது மெஷினில ஓடவிடுங்கோ. ஒபிஸ் நெட்வேர்க்கில கனக்கப் போர்ட் மூடித்தான் வச்சிருப்பினம், அங்க ஃபெயிலானா உடனே ரிப்போவைக் குறை சொல்லாமல் போன் ஹொட்ஸ்பொட்டில போட்டுத் திரும்பிப் பாருங்கோ.

கட்டளை ஃபெயிலாகுதெண்டா முகவரி எந்தக் காலத்து முகவரி எண்டு பாருங்கோ. ஓப்பன் ஹப் முதல்ல 2006 இல ஓலோ எண்ட பேரில வந்தது, 2014 இலதான் இந்தப் பேர், அதால கன பதிவுகள் அந்தக் காலத்து ஆக்கள் போட்டுவிட்டுப் போனது. அதுக்குப் பிறகு எத்தினை இடம் மூடியாச்சு. கூகிள் கோட் இல்லை, கிட்டோரியஸ் 2015 இல போச்சு, பிட்பக்கெட் 2020 இல கிட் மாதிரி இன்னொரு கருவியான மேர்க்கூரியலை நிப்பாட்டிச்சு, கிட்ஹப் 2024 ஜனவரியில அதே மாதிரியான சப்வேர்ஷன் வழியை மூடிச்சு. முகவரி கிட் எண்டு தொடங்கி முக்காற்புள்ளியும் ரெண்டு சாய்கோடும் வந்தா அதுவும் கிட்ஹப்பில வேலை செய்யாது, 2022 மார்ச்சில இருந்து அந்த வழி இல்லை, எச்டிடிபிஎஸ்தான் போடோணும். 2004 சுனாமிக்குப் பிறகு இங்க இலங்கையில எங்கட ஆக்கள் இரவுபகலா எழுதின சகானா எண்ட அனர்த்த நிவாரண சொப்ட்வெயர் மாதிரி ஒரு புரொஜெக்டை யோசிச்சுப் பாருங்கோ, 2006 ஆம் ஆண்டுக்கான ஃப்ரீ சொப்ட்வெயர் ஃபவுண்டேஷன் விருது எடுத்த வேலை அது. அப்பிடியானதுகள் இத்தினை வருஷத்தில இடம் மாறாமல் இருக்காது, மாறின ஒவ்வொருமுறையும் ஆராவது ஒருத்தர் டிரெக்டரியிலயும் போய் மாத்தோணும், அது ஒருத்தற்றை பொறுப்பிலயும் இல்லாத வேலையா இருக்கிறதாலதான் அப்பிடியே கிடக்குது.

சொந்த சேர்வரில கிட் வச்சிருக்கிற ஆக்களுக்கு ரெண்டு விஷயம். சேர்டிபிகேட்டைப் பாருங்கோ, இடையில வாற சேர்டிபிகேட்டை சேர்வர் அனுப்பாட்டியும் பிரவுசர் எப்பிடியோ சமாளிச்சிடும், கிட் மறுத்திடும். அடுத்தது, ஏஐக்குக் கோட் அள்ளுற தானியங்கி புரோகிராமுகளின்ர தொல்லை தாங்கேலாமல் இப்ப கனபேர் முன்னுக்கு ஒரு தடுப்புப் போட்டிருக்கினம், மனுஷரா எண்டு செக் பண்ணி விடுறது. நியாயமான வேலைதான், ஆனா டிரெக்டரியின்ர சேர்வரும் அதில மாட்டுப்படும், சேர்வரின்ர லொக் பதிவில ஒருக்காத் தேடிப் பாருங்கோ.

சரி, காரணம் தெரிஞ்சாச்சு. திருத்துறதுக்கு ஒரு கணக்குத் திறந்து லொகின் பண்ணி, புரொஜெக்ட் பக்கத்தில கோட் லொகேஷன் எண்டதுக்குள்ள போங்கோ. சரியான முகவரியையும் பிராஞ்ச் பேரையும் முதல்ல புதுசாச் சேருங்கோ. அது ஒருக்கா எடுபட்டு கொமிட்டெல்லாம் வந்த பிறகு பழசை எடுத்துவிடுங்கோ. ரெண்டையும் நிரந்தரமா வச்சிருந்தா ஒரே கோட் ரெண்டுதரம் கணக்கில வந்து வேற பொய் சொல்லும். சப்வேர்ஷன் எண்டா முதன்மைக் கோட் இருக்கிற ட்ரங்க் ஃபோல்டர் வரைக்கும் முகவரி குடுங்கோ, மேல் ஃபோல்டரைக் குடுத்தா எல்லா பிராஞ்சும் டாக்கும் சேர்ந்து வரிக்கணக்கு எக்கச்சக்கமா ஏறிப்போகும்.

இவ்வளவும் செய்தும் அசையேல்ல எண்டா அங்க வேலை செய்யிறவைக்கு எழுதத்தான் வேணும். அதில "அப்டேட் ஆகேல்ல, பாருங்கோ" எண்டு ஒரு வரி போட்டா அவைக்கு ஒண்டும் விளங்காது. புரொஜெக்ட் பக்கத்தின்ர லிங்க், கோட் லொகேஷன் முகவரி, பிராஞ்ச் பேர், அந்தப் பக்கத்தில காட்டுற திகதிகள், எல்எஸ்-ரிமோட்டில உங்களுக்கு வந்த பதில், இவ்வளவையும் ஒரே மெசேஜில அனுப்புங்கோ. இடையில ஹிஸ்டரியைத் திருப்பி எழுதி ஃபோர்ஸ் புஷ் பண்ணியிருந்தா அதையும் மறக்காமல் சொல்லுங்கோ, ஏனெண்டா அவையிட்ட இருக்கிற பழைய கொப்பி புதுசோட பொருந்தாமல் அடைச்சுக்கொண்டு நிக்கலாம், அந்தக் கொப்பியை அழிச்சுத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ.

அதோட நிக்காமல், உங்கட பக்கேஜ் இருக்கிற இடங்களையும் பாருங்கோ. ஜாவாஸ்கிரிப்ட் பக்கேஜுகள் இருக்கிற என்பிஎம் எண்டா பக்கேஜ் ஃபைலுக்குள்ள ரிப்போசிட்டரி எண்ட வரி, பைதன் எண்டா புரொஜெக்ட் லிங்குகள், அதில பழைய முகவரி இருந்தா வேற டிரெக்டரிகள் அதைத்தான் எடுத்துக் காட்டும், நீங்கள் திருத்தி அடுத்த ரிலீஸ் விட்டாத்தான் மாறும். சொப்ட்வெயர் ஹெரிடேஜ் காப்பகத்தில முகவரியைக் குடுத்து உடன சேமிக்கச் சொல்லிக் கேக்கிற வசதி இருக்கு, கணக்குத் திறக்கத் தேவையில்லை, இடம் மாறின கையோட செய்துவிடுங்கோ. பழைய ரிப்போவை டிலீட் பண்ணாமல் ரீட்மீயில புது முகவரியை எழுதி ஆர்க்கைவ் பண்ணுங்கோ. கிட்ஹப்பில பேர் மாத்தின ரிப்போ எண்டா பழைய பேரில திரும்ப ஒண்டைத் திறக்கவேண்டாம், திறந்தா அதுவரைக்கும் புது இடத்துக்கு மாத்திவிட்ட வழி நிண்டுபோகும், டிரெக்டரி அந்த வெறும் ரிப்போவுக்குத்தான் போய் நிக்கும்.