ஜாஸ் பேஸில் ஒரே ஒரு ஸ்விட்ச்: சீரிஸ்–பேரலல் மாற்றம் செய்வது எப்படி?

பேஸ் கிட்டார் வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காயில்) மாற்றலாமா, பேட்டரி போட்ட ப்ரீஆம்ப் வைக்கலாமா என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். உங்களிடம் இருப்பது இரண்டு சிங்கிள் காயில், இரண்டு வால்யூம், ஒரு டோன் உள்ள ஜாஸ் பேஸ் வகை என்றால், இருக்கிற பிக்கப்புகளையே வேறு விதமாக இணைத்து இன்னொரு குரலை எடுத்துவிடலாம். ஒரு புஷ்-புல் பாட் (திருகும் கன்ட்ரோல், இழுத்தால் ஸ்விட்சும் மாறும்), ஒரு முழம் ஒயர் போதும். மரத்தில் புதிதாக ஓட்டை போட வேண்டாம், பிடிக்கவில்லையென்றால் ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம்.

1960-ல் ஃபெண்டர் கொண்டுவந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் பேரலலாக, அதாவது பக்கம் பக்கமாக இணைந்திருக்கும். அதனால்தான் இரண்டையும் முழுதாகத் திறந்தால் மேல் சத்தம் பளிச்சென்றும் நடுப்பகுதி சற்றுக் குழிந்தும் கேட்கிறது. அதே இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாக, அதாவது சீரிஸில் கோத்தால் சத்தம் கூடும், நடுப்பகுதி தடிக்கும், மேல் கூர்மை குறையும். 1957-லிருந்து வரும் பிரிசிஷன் பேஸில் இரண்டாகப் பிளந்த பிக்கப்பின் இரு பாதிகளும் சீரிஸில்தான் இருக்கின்றன. நம் பேஸ் அப்படியே பிரிசிஷனாக மாறிவிடாது, ஆனால் அந்தப் பக்கம் நன்றாகவே சாயும். ஃபெண்டரே பின்னாளில் சில ஜாஸ் மாடல்களில் எஸ்-1 என்ற பெயரில் இந்த ஸ்விட்சை வைத்தது.

டோன் பாட்டின் இடத்தில் வைக்க வாங்க வேண்டியது 250 கே (கிலோ ஓம்), ஆடியோ டேப்பர், ஆறு கால் ஸ்விட்சோடு வரும் புஷ்-புல் பாட். வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள்: கன்ட்ரோல் பிளேட்டில் உள்ள ஓட்டையின் அளவு (பெரிய பாட்டுக்குச் சுமார் 9.5 மி.மீ., சின்ன பாட்டுகளுக்கு 7 அல்லது 8), உள்ளே குழியின் ஆழம், உங்கள் நாப் பொருந்துகிற தண்டு. புஷ்-புல் பாட் சாதாரண பாட்டைவிட நீளம் என்பதால் ஆழத்தைக் கட்டாயம் அளந்துகொள்ளுங்கள். சால்டரிங் அயர்ன் 40 வாட்டாவது இருக்கட்டும், 25 வாட்டில் பாட்டின் முதுகு சூடேறவே ஏறாது. ஒரு மல்டிமீட்டரும் வேண்டும், அது இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

பிளேட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டதும் முதல் வேலை, மொபைலில் நாலு கோணத்தில் படம் எடுப்பது. பெரும்பாலும் பேஸின் கம்பிகளை (ஸ்ட்ரிங்ஸ்) கழற்றக்கூடத் தேவையிருக்காது. அப்புறம் பழைய டோன் பாட்டில் இருக்கும் ஒயரையும் கெப்பாசிட்டரையும் எடுத்து, புஷ்-புல் பாட்டின் அதே கால்களில் வையுங்கள். கெப்பாசிட்டரில் 473 என்று எழுதியிருந்தால் அது 0.047 மைக்ரோஃபாரட், அதை மாற்ற வேண்டாம். புதிய பாட்டின் முதுகில் ஸ்விட்ச் உட்கார்ந்திருப்பதால் அங்கே கிரவுண்ட் (சர்க்யூட்டின் பொது இணைப்பு) ஒயர் பற்றவைக்க முடியாது. பழைய டோன் பாட்டின் முதுகில் இருந்த கிரவுண்ட் ஒயர்களையெல்லாம் பக்கத்து வால்யூம் பாட்டின் முதுகுக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது பிக்கப் ஒயர்கள். பேஸின் கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப், கம்பி முடியும் அடிப்பக்கம் இருப்பது பிரிட்ஜ் பிக்கப். பிரிட்ஜ் வால்யூமின் நடுக்காலில் இருக்கும் வெள்ளை ஒயரை எடுத்துவிடுங்கள். கிரவுண்டில் இருக்கும் இரண்டு கறுப்பு ஒயர்களையும் பிரித்து, அந்த வெள்ளை ஒயரோடு ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் தொட்டுப் பாருங்கள். 7 அல்லது 8 கே காட்டுவது பிரிட்ஜ் பிக்கப்பின் கறுப்பு, அதைத் திரும்ப கிரவுண்டிலேயே வைத்துவிடலாம். ஒன்றும் காட்டாதது நெக் பிக்கப்பின் கறுப்பு. நமக்கு வேண்டியது அதுதான்.

ஸ்விட்சில் இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று கால். நாப் உள்ளே இருக்கும்போது நடுக்காலோடு எந்த ஓரக்கால் சேருகிறது என்று மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பார்த்து, அதை அழுத்தல் கால் என்றும் மற்றதை இழுப்புக் கால் என்றும் மார்க்கரில் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், ஊகிக்காதீர்கள். பிறகு இப்படி:

– இடது நடுக்கால்: நெக் பிக்கப்பின் கறுப்பு
– இடது அழுத்தல் கால்: கிரவுண்ட்
– வலது நடுக்கால்: பிரிட்ஜ் பிக்கப்பின் வெள்ளை
– வலது அழுத்தல் கால்: பிரிட்ஜ் வால்யூமின் நடுக்கால்
– இரண்டு இழுப்புக் கால்களையும் ஒரு துண்டு ஒயரால் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும்

ஸ்விட்ச் காலில் அயர்னை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம், பிளாஸ்டிக் இளகிவிட்டால் ஸ்விட்ச் போச்சு. ஒயர் முனைக்கு முதலிலேயே ஈயம் பூசிவைத்தால் தொட்டதும் ஒட்டிக்கொள்ளும்.

நெக் பிக்கப்பின் கறுப்பு ஒயருக்கு மட்டும் ஸ்லீவ் (இன்சுலேஷன் உறை) போட மறக்காதீர்கள். நான் முதல் தடவை அதை விட்டுவிட்டேன். பேரலலில் எல்லாம் சரியாக இருந்தது, நாப்பை இழுத்தால் நெக் பிக்கப் மட்டும் தனியாகக் கேட்டது. ஸ்விட்ச்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை பிரித்துப் பிரித்துப் பற்றவைத்தேன். கடைசியில் பார்த்தால், குழியின் சுவரில் பூசியிருந்த, கிரவுண்டோடு இணைந்த கறுப்பு ஷீல்டிங் பெயின்டில் அந்த ஒயரின் மொட்டை முனை ஒரு நகக்கண் அளவு உரசிக்கொண்டிருந்தது. சீரிஸில் அந்த இடம் கிரவுண்டைத் தொட்டால் பிரிட்ஜ் பிக்கப் ஷார்ட் ஆகிவிடும். உங்களுக்கும் இதே அறிகுறி வந்தால் முதலில் அங்கே பாருங்கள். உங்கள் பிக்கப்பில் கறுப்பு ஒயருக்குப் பதில் வெள்ளி வலைதான் கிரவுண்ட் என்றால், அது முழுக்கவும் இந்த உறை அவசியம்.

மூடுமுன் கேபிளைச் செருகி, மறுமுனை ஜாக்கின் நுனியிலும் அடியிலும் மல்டிமீட்டரை வையுங்கள். எல்லா நாப்பும் முழுதாகத் திறந்திருக்கட்டும். அழுத்திய நிலையில் 3.5 கே பக்கமும், இழுத்த நிலையில் 13, 14 கே பக்கமும் வந்தால் வேலை முடிந்தது.

வாசிக்கும்போது ஒன்றை ஞாபகம் வையுங்கள்: நாப்பை இழுத்திருக்கும்போது நெக் வால்யூம்தான் மொத்த வால்யூம், பிரிட்ஜ் வால்யூமைத் திருகினால் எதுவும் நடக்காது. சத்தம் சட்டென்று ஏறும் என்பதால் ஆம்ப்பில் கெயினைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு இழுங்கள். பிக் வைத்து வாசிக்கிற ராக் பாட்டுக்கும், டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் சேர்ந்து பேஸை அமுக்குகிற இடத்துக்கும் சீரிஸ் அருமையாக உட்காரும். ஸ்லாப்புக்கு (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது) நான் எப்போதும் பேரலலுக்கே திரும்பிவிடுவேன். சீரிஸில் அடிச்சத்தம் குழைந்து கேட்டால் நெக் பிக்கப்பின் திருகாணிகளை அரைச் சுற்று இறக்கிப் பாருங்கள், கம்பி அங்கேதான் அதிகம் ஆடுகிறது.