கேம்பர்வேன் கூரையில் அரிப்பு: வாரண்டியைக் கைநழுவ விடும் தவறுகள்

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பிக்கொண்டு கேம்பர்வேனின் (படுத்து உறங்கும் வசதியுள்ள பயண வேனின்) கூரையை ஏறிட்டும் பார்க்காமல் இருப்பதுதான் முதல் தவறு. இரும்பைப் போலச் செம்பழுப்புத் துரு வராது என்பது உண்மை. ஆனால் உப்பும் ஈரமும் பெயிண்டுக்கு அடியில் புகுந்துவிட்டால் அலுமினியமும் அரிக்கும். அரிப்பில் உண்டாகும் வெள்ளைத் தூள், கரைந்துபோன உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் பெயிண்ட் மேலே எழும்பும், விரிசல் விடும், அந்த விரிசல் வழியாக மேலும் தண்ணீர் இறங்கும்.

ஐரோப்பாவில் இதற்குப் பலரும் சொல்லும் உதாரணம் ஃபோக்ஸ்வேகன் கலிபோர்னியா. டி4 (வேனின் நான்காம் தலைமுறை) காலம் வரை அதன் உள்ளமைப்பை வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் செய்துகொடுத்தது. மேலே தூக்கும் கூரை கண்ணாடியிழையால் ஆனது. டி5 வந்தபோது ஃபோக்ஸ்வேகன் அந்த வேலையை ஹனோவரில் தானே எடுத்துக்கொண்டு, அலுமினியக் கூரைக்கு மாறியது. டி5, டி6 வண்டிகளில் அந்தக் கூரையின் ஓரங்களில் பெயிண்ட் கொப்பளிக்கிறது என்று உரிமையாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். எல்லா வண்டியிலும் இது வருவதில்லை. வந்த இடங்களில், செலவு யார் தலையில் விழும் என்பதை குறையைக் கண்ட முதல் சில வாரங்களில் வண்டிக்காரர் என்ன செய்தார் என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

தரையில் நின்று பார்ப்பது

டி5, டி6 கலிபோர்னியாவின் உயரம் 1.99 மீட்டர். இரண்டு மீட்டர் தடுப்புள்ள வாகன நிறுத்தங்களுக்குள் நுழைய வசதியான உயரம்தான்; ஆனால் சராசரி உயரமுள்ள ஒருவருக்குக் கூரையின் மேற்பரப்பு கண்ணில் படவே படாது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது சிறிய ஏணி போட்டு ஏறிப் பார்க்க வேண்டும். குளிர்காலம் முடிந்ததும் ஒருமுறை கட்டாயம் பாருங்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பனிக்காலச் சாலைகளில் தூவும் உப்பு, தெறிக்கும் தண்ணீரோடு கூரைவரை ஏறிவிடும்.

நடுப்பகுதியைவிட ஓரங்களைப் பாருங்கள். தகடு மடிந்து சேரும் முன்விளிம்பு, பக்கவாட்டுச் சட்டத்தை ஒட்டிய கோடு, ரப்பர் அமரும் இடம், திருகு இறங்கிய இடம் ஆகியவைதான் முதலில் கெடும். கழுவித் துடைத்து உலர்ந்த பிறகு, மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால் கடுகளவு மேடுகூடத் தன் நிழலால் காட்டிக்கொடுக்கும். விரல் நுனியை விளிம்போடு மெதுவாக இழுத்தால், கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தட்டுப்படும். சில வண்டிகளில் தனித்தனிக் கொப்புளங்களாக இல்லாமல், ஈரமண்ணில் புழு ஊர்ந்த தடம்போல மெல்லிய கோடுகளாக அரிப்பு பெயிண்டுக்கு அடியில் நீண்டுகொண்டு போகும். இவ்வகை அரிப்பு விளிம்பிலோ கீறலிலோ தொடங்கி உள்நோக்கி நகரும் என்பதால், நடுக்கூரை பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஆறுதல் அடைவதில் பொருள் இல்லை.

கண்டவுடன் சுரண்டுவது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான், ஏனென்றால் இது அக்கறையால் நடக்கிறது. கொப்புளத்தைப் பார்த்ததும் நகத்தாலோ கத்தியாலோ உடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடையில் வாங்கிய டச்-அப் பெயிண்டைத் தடவிவிடுகிறார்கள். அந்த நிமிடத்தில் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. கொப்புளம் தானாக உள்ளிருந்து எழுந்ததா, கல் பட்டதில் தொடங்கியதா என்று கண்டுபிடிக்கும் சான்று அழிந்துவிடுகிறது. தொழிற்சாலைப் பெயிண்டில் அங்கீகாரமில்லாத வேலை நடந்திருக்கிறது என்று சொல்ல நிறுவனத்துக்கு ஒரு வாய்ப்பும் கிடைத்துவிடுகிறது.

தேய்த்த காகிதம் முன்பு இரும்பில் பயன்படுத்தியதாக இருந்தாலோ, இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலோ கேடு இன்னும் கூடும். நுண்ணிய இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்துவிடும். இரண்டு உலோகங்களும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். விளிம்பை அடைக்கிறேன் என்று குளியலறைக்கு வாங்கிய சிலிகானைப் பிதுக்குவதும் கூடாது. காய்ந்துகொண்டிருக்கும்போது வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை என்று அர்த்தம். வெற்று அலுமினியத்துக்கு ஆகவே ஆகாது.

சுரண்டுவதற்குப் பதிலாகப் படம் எடுங்கள். முழுக் கூரை ஒன்று, விளிம்பு முழுதும் நீளவாக்கில் சில, ஒவ்வொரு கொப்புளமும் அருகிலிருந்து ஒன்று. பக்கத்தில் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்தால் அளவு புரியும். கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் அதே நேரத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து அதே கோணத்தில் மறுபடி எடுத்தால், அரிப்பு பரவுகிறதா என்ற கேள்விக்குப் படமே பதில் சொல்லும். ஆனால் இந்த இரண்டாவது படத்துக்காகப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் படங்களோடு அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தொலைபேசியில் பேசுவதில் தவறில்லை; பேசி முடித்ததும் யாரிடம் என்ன பேசினோம் என்று நான்கு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டு என்ற எண்ணை நம்பியிருப்பது

பல உற்பத்தியாளர்களைப் போலவே ஃபோக்ஸ்வேகனும் பெயிண்டுக்கு 3 ஆண்டு, உடற்பகுதி அரிப்புக்கு 12 ஆண்டு என்று தனித்தனியாக உத்தரவாதம் தருகிறது. விளம்பரத் தாளில் பெரிதாகத் தெரிவது 12. அதன் நிபந்தனையைப் படித்தால், உள்ளிருந்து வெளிப்பக்கமாக அரித்துத் தகட்டில் ஓட்டை விழுந்தால்தான் அது செல்லும் என்று இருக்கும். அலுமினியக் கூரையில் நடப்பது பெரும்பாலும் அது இல்லை. அரிப்பு பெயிண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் பரவுகிறதே தவிர, தகட்டைத் துளைப்பது அரிது. கூரை முழுக்கக் கொப்பளித்திருந்தாலும் ஓட்டை இல்லை, ஆகவே 12 ஆண்டு உத்தரவாதத்தில் இடமில்லை என்ற பதில் வரக்கூடும்.

எனவே நடைமுறையில் உங்கள் கெடு 3 ஆண்டுதான். அது முடிவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே ஏணி போட்டு ஏறி முழுச் சோதனை செய்துவிட வேண்டும். சிறிய கொப்புளம், அடுத்த சர்வீஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டு, கெடு கடந்த பிறகு போய் நிற்பவர்கள் ஏராளம். கெடு முடிந்துவிட்டது என்றாலும் கேட்காமல் இருக்க வேண்டாம். தெரிந்த குறையாக இருந்தால், நல்லெண்ண அடிப்படையில் செலவில் ஒரு பகுதியை உற்பத்தியாளர் ஏற்பது உண்டு. அங்கே உங்களுக்குத் துணையாக நிற்பவை ஒழுங்கான சர்வீஸ் பதிவும், கெடுவுக்கு உள்ளேயே அனுப்பிய மின்னஞ்சலும்.

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைவது

வாரண்டி என்பது உற்பத்தியாளர் தானாக முன்வந்து தரும் வாக்குறுதி. அதற்கு அப்பால், விற்றவர் மீது சட்டம் சுமத்தும் பொறுப்பு ஒன்று உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், உற்பத்தியாளர் மறுத்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துப் பலர் திரும்பிவிடுகிறார்கள்.

பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி உங்கள் ஒப்பந்தம் டீலரோடுதான். முதல் ஆறு மாதத்தில் குறை தெரியவந்தால், விற்கும்போதே அது இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று டீலர் நிரூபிக்க வேண்டும். அதன் பிறகு நிரூபிக்கும் சுமை உங்களுடையது. வழக்குத் தொடுக்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 6 ஆண்டு, ஸ்காட்லாந்தில் 5 ஆண்டு அவகாசம் உண்டு. இதை 6 ஆண்டு வாரண்டி என்று எண்ணிவிடக் கூடாது. குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று காட்டினால்தான் செல்லும். அதற்கு வெளியாள் ஒருவரின் தொழில்நுட்ப அறிக்கை தேவைப்படலாம். ஹையர் பர்ச்சேஸ் (தவணைக் கொள்முதல்) முறையில் வாங்கியிருந்தால், சட்டப்படி வண்டியை உங்களுக்குத் தருவது நிதி நிறுவனம். ஆகவே புகார் அங்கும் போக வேண்டும். தனியாரிடம் வாங்கிய வண்டிக்கு இந்தச் சட்டத்தின் தரப் பாதுகாப்பு கிடையாது.

ஜெர்மனியில் புதிய வண்டிக்கு விற்றவரின் சட்டப் பொறுப்பு 2 ஆண்டு. 2022 ஜனவரி முதல், முதல் ஓராண்டுக்கு நிரூபிக்கும் சுமை விற்றவர் பக்கம் இருக்கிறது.

ஃபியட் டுகாட்டோ, மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் போன்ற வேன்களை வாங்கி வேறொரு நிறுவனம் கேம்பராக மாற்றியிருந்தால் சிக்கல் இன்னொரு விதம். வண்டிக்கு ஒருவர் பொறுப்பு, மாற்றியமைத்த வேலைக்கு இன்னொருவர், கூரை ஜன்னல் போன்ற கருவிக்கு மூன்றாமவர். இரும்புக் கூரையில் ஜன்னலுக்காக வெட்டிய விளிம்பில் பிரைமர் (அடிப்பூச்சு) பூசாமல் விட்டாலோ, வெட்டும்போது சிதறிய இரும்புத் தூளைத் துடைக்காமல் விட்டாலோ துரு அங்கிருந்துதான் தொடங்கும். அது மாற்றியமைத்தவரின் வேலைக் குறை. வண்டி உற்பத்தியாளரிடம் போய் நின்று பயனில்லை. துரு தொடங்கிய புள்ளி வெட்டு விளிம்பா, தொழிற்சாலை மடிப்பா என்பதைப் படத்தில் தெளிவாகக் காட்டினால் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டும் விளையாட்டு சீக்கிரம் முடியும்.

வாரண்டி இருக்கும்போது சோலார் பேனலுக்கோ பந்தலுக்கோ கூரையில் நீங்களாகத் துளை போடுவதும் இதே காரணத்தால் ஆபத்து. பத்தடி தள்ளி வந்த கொப்புளத்துக்கும் அந்தத் துளையையே காரணம் காட்டுவார்கள்.

பெயிண்ட் அடித்தால் போதும் என்று ஒப்புக்கொள்வது

கோரிக்கை ஏற்கப்பட்டதும் மகிழ்ச்சியில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. கொப்புளத்தை மட்டும் தேய்த்து மேலே பெயிண்ட் அடித்தால், மடிப்புக்குள் தங்கிய உப்பு அப்படியே இருக்கும். இரண்டு மூன்று குளிர்காலத்தில் அதே இடம் மறுபடி கொப்பளித்தால் வியப்பதற்கில்லை. அப்போது வாரண்டியும் இருக்காது. கூரையைக் கழற்றி வேலை செய்வார்களா, மடிப்பிலுள்ள பழைய சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) நீக்கப்படுமா, வெற்று உலோகத்தில் எபாக்ஸி பிரைமர் உண்டா, ரப்பர் புதிதாகப் போடுவார்களா, அலுமினியத்துக்கென்று தனிக் கருவிகள் வைத்திருக்கும் பட்டறையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அரிப்பு விளிம்பு நெடுகப் பரவியிருந்தால் கூரையையே மாற்றித்தரும்படி கேட்பது நியாயமான கோரிக்கை.

வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் உள்ளே இருக்கும் கூடாரத் துணி, கூரை தூக்கும் கருவி, மேல்படுக்கை எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள். திரும்ப எடுக்கும்போது கூரையை இரண்டு மூன்று முறை முழுதாகத் தூக்கி இறக்கிப் பாருங்கள். இருபுறமும் இடைவெளி சமமாக இருக்கிறதா, துணி மடிப்பில் சிக்குகிறதா, பகல் வெளிச்சத்தில் நிறம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். செய்த வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பது ரசீதில் இருக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்கும்போது

பெயிண்ட் தடிமன் காட்டும் சிறு கருவி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். இரும்பை மட்டும் அளக்கும் மலிவான வகை அலுமினியக் கூரையில் வேலை செய்யாது. இரண்டையும் அளப்பதாக இருக்க வேண்டும். தொழிற்சாலைப் பெயிண்ட் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். கதவுகளில் அந்த அளவு காட்டிவிட்டு, கூரை விளிம்பில் மட்டும் 300 காட்டினால் அங்கே மறுபூச்சு நடந்திருக்கிறது. அதனால் வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. எப்போது, எங்கே, யார் செலவில் செய்தது என்று கேட்டு, அந்தப் பட்டறையின் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லையென்றால், கூரையைக் கழற்றிச் சீர்செய்யும் செலவை ஒரு பட்டறையில் விசாரித்து, அதை விலையில் குறைக்கும்படி பேசுங்கள்.