ஜெனரேட்டர் டேங்குக்கு டீசல் மீட்டர்: பொருத்துவதும் அளவு பிடிப்பதும்

கப்பலூர்ப் பட்டறையோ, வாடிப்பட்டிப் பக்கத்து அரிசி ஆலையோ, ஊருக்குள் இருக்கும் கல்யாண மண்டபமோ, பழைய ஜெனரேட்டர் என்றால் டீசல் மீட்டரின் முள் பெரும்பாலும் செத்துத்தான் கிடக்கும். மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்துக்கொள்வார்கள். முகூர்த்த நேரத்தில் குச்சியைத் தேட ஆள் இருக்காது. டீசல் ஒட்ட வற்றிப் பம்பில் ஏர் பிடித்துவிட்டால், டேங்கை நிரப்பினாலும் ஏர் எடுக்காமல் இன்ஜின் கிளம்பாது.

டேங்க் யூனிட்டும் (உள்ளே மிதவையோடு இருப்பது) மீட்டரும் ஒரே ஓம் (மின்தடை) கணக்கில் இருக்க வேண்டும். அதிகம் புழங்குவது இரண்டு வகை. ஒன்று காலியில் 10 ஓம், நிறைந்தால் 180. மற்றது காலியில் 240, நிறைந்தால் 33. கலந்து வாங்கினால் முள் தலைகீழாக ஓடும். எங்கள் ஓட்டு 240–33க்குத்தான். துரு, பெயிண்ட், தளர்ந்த லக் (ஒயர் முனையில் உள்ள உலோகக் கொக்கி) எதுவானாலும் ஓமைக் கூட்டவே செய்யும். 10–180 வகையில் ஓம் கூடினால் இல்லாத டீசலை இருப்பதாகக் காட்டும். ஒயர் அறுந்தால் முள் நேராக ஃபுல்லுக்குப் போய் நிற்கும். 240–33 வகையில் அதே கோளாறு குறைத்துக் காட்டும். பயந்து போய் ஒரு கேன் கூடுதலாக ஊற்றுவீர்கள், அவ்வளவுதான் நட்டம். பேட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

மாட்டுவதற்கு முன் யூனிட்டை மேஜையில் வைத்து மல்டிமீட்டரால் சோதியுங்கள். மிதவை மாட்டியிருக்கும் கம்பிக் கையை மெதுவாகத் தூக்கும்போது ஓம் விட்டுவிட்டுத் தாவக் கூடாது. மிதவையை வெந்நீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை.

மிதவைக் கையின் நீளம்தான் பலரும் கோட்டைவிடும் இடம். கை சுமார் 90 டிகிரி ஆடும் யூனிட்டுக்கு, மிதவை ஏறி இறங்க வேண்டிய உயரத்தை 0.7ஆல் பெருக்குங்கள். டேங்கின் ஆழம் 500 மி.மீ. என்றால் மேலும் கீழும் 25 மி.மீ. விட்டு, மீதி 450. கை ஏறக்குறைய 315 மி.மீ. கையின் அச்சு, டேங்கின் பாதி ஆழத்தில் வர வேண்டும். டேங்குக்குள் தடுப்புத் தகடு இருந்தால் கை அதற்கு இணையாக ஆடட்டும். இன்ஜினிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் குழாய்க்குப் பக்கத்தில் துளை போடாதீர்கள். விழும் டீசல் மிதவையை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

டீசல் இருந்த டேங்கை வடித்தாலும் உள்ளே ஆவி நிற்கும். வெல்டிங், கிரைண்டர் இரண்டும் கூடவே கூடாது. கழற்றிக் கழுவி, மேல்தகட்டுக்கு ஓர் அங்குலம் கீழே வரை தண்ணீர் நிரப்பியபின் ஹோல் சாவால் (வட்டத் துளை போடும் ரம்பம்) மெதுவாக அறுங்கள். பல்லில் கிரீஸ் தடவினால் தூள் அதிலேயே ஒட்டும். தப்பியதைக் காந்தத்தால் எடுங்கள். பிறகு தண்ணீரை வடித்து வெயிலில் நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் டீசல் விட்டு அலசிக் கொட்டுங்கள். நின்றுபோன தண்ணீர் பம்புக்கு எமன்.

ஐந்து திருகு யூனிட்டில் திருகுகள் 54 மி.மீ. வட்டத்தில் சம இடைவெளியின்றி இருக்கும். ஒரே ஒரு திசையில்தான் உட்காரும். கேஸ்கெட்டையே அச்சாக வைத்துக் குறியுங்கள். டேங்கை எர்த்தாக நம்பாமல், யூனிட் திருகிலிருந்து மீட்டரின் எர்த் முனைக்குத் தனி ஒயர் இழுங்கள். மீட்டருக்கு வரும் பிளஸ் ஒயரில் 1 ஆம்ப் ஃபியூஸ் போதும்.

இனி அளவு பிடிப்பது. டேங்கை அதன் இடத்தில் ஏற்றி ரசமட்டம் வைத்துப் பாருங்கள். உறிஞ்சு குழாயின் வாய் அடித்தகட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். 1500க்கு 800 மி.மீ. அடிப்பரப்புள்ள டேங்கில் வாய் 30 மி.மீ. மேலே இருந்தால், 36 லிட்டர் எடுக்கவே முடியாத டீசல். அந்த மட்டம் வரை ஊற்றிவிட்டு, அதையே பூஜ்யமாகக் கொள்ளுங்கள்.

அங்கிருந்து கால் டேங்க் வரை பத்துப் பத்து லிட்டராகவும், அதற்கு மேல் ஐம்பது ஐம்பதாகவும் ஊற்றுங்கள். கேனின் கோட்டை நம்பாமல் முத்திரையிட்ட அளவைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் அலை அடங்கியபின் மூன்றைக் குறியுங்கள்: குச்சியின் மி.மீ., யூனிட்டின் ஓம், முள் நிற்கும் இடம். ஓம் பார்க்கும்போது யூனிட் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடி அளந்தால் தப்பாகத்தான் காட்டும். பிறகு வடித்துக்கொண்டே வந்து, கீழ்க் கால்பகுதியை மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் முள் ஒரே இடத்தில் நிற்காது. ஓட்டத்தில் உதவுவது இறங்கு கணக்கு. மீட்டரில் எச்சரிக்கைச் சிவப்புக் கோட்டை அதை வைத்தே போடுங்கள், உங்கள் ஜெனரேட்டர் மூன்று மணி நேரம் குடிக்கும் அளவில்.

படுக்கவைத்த பேரலை டேங்காக வைத்திருப்பவர்கள் முள்ளை அப்படியே நம்ப வேண்டாம். உயரத்தில் கால்பங்கு இருந்தால் உள்ளே 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பத்தில் ஒரு பங்கு உயரத்தில் வெறும் 5 சதவீதம். பட்டியல் எழுதி பேனலில் ஒட்டுவது ஒன்றே வழி. எந்த டேங்கையும் வாய்வரை நிரப்பாதீர்கள். சித்திரை வெயிலில் 20 டிகிரி ஏறினால் 400 லிட்டர் டீசல் ஆறேழு லிட்டர் பொங்கும்.

பிறகு எப்போதாவது முள் சண்டித்தனம் செய்தால், யூனிட் ஒயரைக் கழற்றி எர்த்தில் தொடுங்கள். 240–33 மீட்டர் என்றால் ஃபுல்லுக்கு ஓட வேண்டும். ஓடினால் கோளாறு யூனிட்டில் அல்லது அதன் எர்த் ஒயரில். ஓடாவிட்டால் மீட்டரிலோ ஃபியூஸிலோ இடையிலுள்ள ஒயரிலோ.